மட்டம் வீட்டுத் தரை

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தெருவிலும் டைல்ஸ் கடையிலும் வேலை நடக்கிற வீடுகளிலும் அவர் 'மட்டம்'தான். மரியாதைக்காரர்கள் 'மட்டம் அண்ணே' என்பார்கள். அவசரக்காரர்கள் வெறும் 'மட்டம்' என்பார்கள். இரண்டுக்கும் அவர் முகம் சுளித்ததில்லை.

அந்தப் பெயர் இரண்டு தவணையில் வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் வாரத்தில் பாதி நாள் மட்டம் போடுவார். கணக்கு வாத்தியார் பெயர் கூப்பிடும்போது அவர் முறை வந்தால் வகுப்பே சேர்ந்து "மட்டம், சார்!" என்று கத்தும். அப்படி ஒட்டிக்கொண்டதுதான். மட்டம் போட்டுவிட்டு அவர் ஊர் சுற்றப் போகவில்லை. பக்கத்துத் தெருவில் மாடி வீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே தரை போடுகிறவர்கள் ரசமட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கிற சின்னக் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை டைல்ஸைத் தட்டித் தட்டிச் சரிசெய்வார்கள். அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பார். நின்றவரை ஒரு நாள் சிமெண்ட் குழைக்கச் சொன்னார்கள். அதோடு சரி, அந்த வேலையே வாழ்க்கையாகிவிட்டது. சில வருஷத்தில், "மட்டம் போட்ட தரையில கோலிக்குண்டு வெச்சா வெச்ச இடத்துலயே நிக்கும்" என்று பேச்சாயிற்று. பெயர் அதேதான், அர்த்தம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

கோணலாக எதையும் பார்க்கப் பொறுக்காது அவருக்கு. ஓட்டலில் மேசை ஆடினால், சாப்பாடு வருவதற்குள் காகிதத்தை மடித்துக் காலடியில் செருகிவிடுவார். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் சுவரில் தொங்கும் படங்களை ஒவ்வொன்றாக நேராக்குவார். "போற இடத்துல கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. அவங்க நம்மளைக் காப்பி குடிக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்று அவர் மனைவி வாசலிலேயே எச்சரிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தவர் வீட்டுத் தரை விஷயத்தில் அவருக்குக் குழப்பமே வந்ததில்லை. ஒரு வீட்டில் புருஷன் கண்ணாடி மாதிரி பளபளக்கிற கறுப்பு வேண்டும் என்றார், பெண்டாட்டி பால் மாதிரி வெள்ளை வேண்டும் என்றார். கடையில் நின்று இருவரும் ஒரே சமயத்தில் மட்டத்தைப் பார்த்தார்கள். மட்டம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வீட்டை யார் கூட்டித் துடைக்கிறது?" புருஷன் கூரையைப் பார்த்தார். அழுக்கும் தெரியாத, கண்ணையும் கூசாத சாம்பல் நிறம் முடிவாயிற்று. இன்னொரு வீட்டில் வயதான தம்பதி குளியலறைக்குப் பளபளப்பான டைல்ஸ் எடுத்து வைத்திருந்தார்கள். மட்டம் அதில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். பெரியவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, "இப்ப காலை வைங்க, ஐயா" என்றார். கால் சர்ரென்று போனது. பெரியவர் மட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே, "இதைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்.

யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லி, மாதிரிக் கற்கள்மேல் வெறுங்காலோடு நடக்கவிடுவார். "கண்ணு ஒரு வாரம்தான் தரையைப் பாக்கும். அப்புறம் காலம் பூரா காலுதான் பாக்கணும்" என்பது அவர் சொல்வது.

இவ்வளவு பேசுகிற மனிதரின் சொந்த வீட்டில் தரையே கிடையாது. அதாவது, வெறும் சிமெண்ட். கல்யாணமான புதிதில், 'இப்போதைக்கு' என்று போட்டது. அந்த இப்போதைக்கு வளர்ந்து, அவர் மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புக்கு வந்துவிட்டாள். கூடத்தின் நடுவில் ஒரு விரிசல் கிளை கிளையாகப் பிரிந்து சமையலறைவரை ஓடியது. மாடிப்படிக்கு அடியில், ஊரார் வீடுகளில் மிஞ்சிய டைல்ஸ் எல்லா நிறத்திலும் அடுக்கடுக்காகக் கிடந்தது.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. காலையிலிருந்து கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை வைத்தால் சிமெண்ட் பொடி உள்ளங்காலில் ஒட்டும். "தரை போடுறவர் வீடுன்னு வெளியில சொல்லிடாதீங்க. தொழில் படுத்துடும்" என்பாள். மட்டமும் யோசிக்காமல் இல்லை. யோசித்ததுதான் தப்பு. கிரானைட் என்றால் குளிரும். பெரிய டைல்ஸ் என்றால் வழுக்கும். மரம் என்றால் தண்ணீர் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் உள்ள குறை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "அந்த வினைல் பலகை போட்டா என்னங்க?" என்று ஒரு முறை மனைவி கேட்டபோது மட்டும் யோசிக்காமல் பதில் சொன்னார்: "அது தரையா? ஸ்டிக்கர்!"

அந்த 'ஸ்டிக்கர்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பகை இருந்தது. அதே ஊரில் ஒரு அம்மா மரத்தரையும் வினைல் பலகையும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வினைல் என்றால் மரத்தைப் போலவே தெரிகிற, கொஞ்சம் மெத்தென்ற மெல்லிய பிளாஸ்டிக் பலகைகள். ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டே போனால் ஒரு அறை ஒரே நாளில் முடிந்துவிடும். மட்டம் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்டிக்கர்காரம்மா'. ஒரே வீட்டில் சமையலறை இவருக்கும் படுக்கையறை அந்த அம்மாவுக்கும் அமைந்துவிட்டால் போயிற்று. இரண்டு தரையும் சேருகிற கதவு நிலையில் ஒரு பட்டை அடிக்க வேண்டும். அதை யார் அடிப்பது என்று எல்லைத் தகராறு மாதிரி சண்டை நடக்கும். அந்த அம்மா இளசுகளுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்க ஒரு பட்டறையும் வைத்திருந்தார். டைல்ஸ் உட்பட எல்லாத் தரைக்கும் ஆறு மாதப் பயிற்சி.

அப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மட்டத்துக்குப் போன் செய்தார். அவர் வீட்டுக்குத் தரை போட்டுக் கொடுத்ததிலிருந்து பழக்கம்.

"கடைசி வகுப்புப் பிள்ளைங்களுக்கு, அடுத்து என்ன செய்யலாம்னு ஒரு நிகழ்ச்சி வெச்சிருக்கோம். பல் டாக்டர் வராங்க, பேங்க் மேனேஜர் வரார். கைத்தொழில் பக்கத்துலேருந்து நீங்க வந்து பேசணும்."

"நானா? அந்தப் பள்ளிக்கூடத்துல நான் உள்ள இருந்ததைவிட வெளிய இருந்ததுதான் மேடம் அதிகம்."

"அதனாலதான் கூப்பிடறேன். உள்ள உக்கார முடியாம நெளியற பிள்ளைங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்கும் யாராவது பேசணும்ல?"

ஒப்புக்கொண்டுவிட்டு, என்ன பேசுவது என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டார். மனைவியின் தம்பிதான் அவருக்கு உதவியாள். கலவை குழைப்பதும் கல் சுமப்பதும் அவன் வேலை. அவன் ஆலோசனை சொன்னான்: "மாமா, 'எல்லாருக்கும் வணக்கம்'னு ஆரம்பிங்க, 'நன்றி'ன்னு முடிங்க. நடுவுல நீங்க என்ன சொன்னாலும் யாரும் கேக்கப் போறதில்ல."

பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சியில் பல் டாக்டர் பிள்ளைகளைச் சிரிக்கவைத்தே பேசினார். பேங்க் மேனேஜரும் கதை சொல்லிக் கைதட்டல் வாங்கினார். மட்டத்தின் முறை வந்தது. தேய்த்த சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. மைக்கை நோக்கி நடந்தவர், பாதியில் தரையில் ஒரு டைல்ஸ் கல்லை மிதித்தார். 'டொக்' என்றது. நின்றார். பேச வந்ததெல்லாம் மறந்து, பழக்க தோஷத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்து விரல் முட்டியால் அந்தக் கல்லைத் தட்டினார். மண்டபம் மொத்தமும் எட்டிப் பார்த்தது.

"அந்த மைக்கைக் கொஞ்சம் கீழ குடுங்க" என்றார். பக்கத்துக் கல்லைத் தட்டினார், 'டிங்'. இந்தக் கல்லைத் தட்டினார், 'டொக்'. "கேட்டீங்களா? இது உள்ள காலி. போட்டவன் நடுவுல மட்டும் கலவையை வெச்சு ஒட்டிட்டுப் போயிட்டான். இது சத்தம் போடும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்!" என்று முந்நூறு குரல்கள். வருஷக்கணக்காக அதன்மேல் குதித்து வாத்தியார்களை எரிச்சல்படுத்தியவர்கள் அவர்கள்.

அதற்குப் பிறகு மட்டத்தை நிறுத்த முடியவில்லை. "வீடு கட்டுறவங்க வரிசையில நிக்கிறாங்க. வேலை கொட்டிக் கிடக்கு, செய்ய ஆள்தான் பத்தல. காலையில வெறும் மேடு பள்ளமா இருந்த ரூம் சாயங்காலம் அழகா முடிஞ்சு நிக்கும். கிளம்புறப்ப கதவுகிட்ட நின்னு ஒரு தடவை திரும்பிப் பாப்பேன் பாருங்க, அந்த சுகம் எனக்கு இன்னிக்கும் அலுக்கல. படிப்புல மட்டம்னு உங்களை யாராவது மட்டம் தட்டினா தலையைத் தொங்கப்போடாதீங்க. நான் மட்டம்தான். அதை வெச்சுத்தான் பொழைக்கிறேன்! பசங்க மட்டுமில்ல, பொண்ணுங்களும் வாங்க. இதுக்குப் பலத்தைவிடப் பொறுமைதான் வேணும்."

கைதட்டல் மண்டபக் கூரையில் மோதித் திரும்பியது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கைகள்தான். நாலாவது வரிசையில் தட்டாமல், அப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் மகளை அவர் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சானும் இருந்தான்.

"அப்பா, நான் முடிவு பண்ணிட்டேன்" என்றாள் மகள்.

"என்ன கண்ணு?"

"தரை போடக் கத்துக்கப் போறேன். பரீட்சை முடிஞ்சதும் உங்க கூட வரேன்."

மட்டம் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "ஏய், நான் சொன்னது ஊர்ப் பிள்ளைங்களுக்கு!"

"நான் எந்த ஊர்ப் பிள்ளை?"

மச்சானுக்குப் புரையேறியது. மட்டம் அவனை ஒரு முறை முறைத்துவிட்டுத் தொடர்ந்தார். "உன்னை ஏசி ரூம்ல, சுத்துற நாற்காலியில உக்காத்தி வைக்கணும்னு நான் இங்க முட்டி தேயறேன். நீ என்னடான்னா..."

"உக்காந்தா எனக்குத் தூக்கம் வரும்பா. உங்களுக்கும் அப்படித்தானே?"

"என் முட்டியைப் பாரு." எழுந்து ஒரு முறை குந்தினார். 'கடக்' என்று அறை முழுக்கக் கேட்டது. "கேட்டியா? இந்த வேலை குடுத்த பரிசு இது."

"அப்ப இந்தச் சத்தத்தை ஏன் மைக்ல போட்டுக் காட்டல?"

மட்டம் மனைவி பக்கம் திரும்பினார். "நீ என்ன வேடிக்கை பாக்குற? எடுத்துச் சொல்லேன்."

"நான் என்னத்தைச் சொல்றது? அவ சொல்றதைக் கேட்டா நல்லாத்தான் பேசியிருக்கீங்க போல. எனக்கே மருந்துக்கடையை விட்டுட்டு வந்துடலாமான்னு இருக்கு."

"என் கூட வரக் கூடாது. நான் சொல்லித் தர மாட்டேன். அவ்வளவுதான்."

"சரிப்பா" என்றாள் மகள். அடம் பிடிக்காமல் சொன்ன அந்த 'சரி'யைக் கேட்டு அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

பரீட்சை முடிந்தது, நல்ல மார்க்கும் வந்தது. ஒரு நாள் டைல்ஸ் கடைக்காரர் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்: "என்ன மட்டம், உன் பொண்ணு எதிர்க்கட்சியில சேந்துடுச்சாமே!"

மட்டத்துக்குக் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தார். "போயும் போயும் அந்த ஸ்டிக்கர்காரம்மாகிட்டயா?"

"நீங்கதானேப்பா சொல்லித் தர மாட்டேன்னீங்க. அவங்க மாட்டேன்னு சொல்லல."

அதற்குப் பிறகு சில வாரங்கள் அப்பாவும் மகளும் அளவாகத்தான் பேசிக்கொண்டார்கள். மட்டம் எதையும் நேராகக் கேட்க மாட்டார். "அங்க இன்னிக்கு என்னவாம்?" என்று மனைவியிடம் விசாரிப்பார். "வாய் இருக்குல்ல, நீங்களே கேளுங்க" என்பாள். "எனக்கென்ன வந்தது?" என்று சொல்லிவிட்டு, மகள் சமையலறையில் அம்மாவிடம் கதை சொல்லும் நேரம் பார்த்து இந்தப் பக்கம் கதவோரமாக எதையாவது தேடிக்கொண்டிருப்பார்.

"மரப்பலகையைக் கொண்டு போன உடனே போடக் கூடாதாம்மா. பிரிச்சு அந்த ரூம்லயே ரெண்டு நாள் வெச்சிருக்கணுமாம். ரூம் பழகணுமாம். இல்லன்னா அப்புறம் உப்பிக்கிட்டுத் தூக்கிக்குமாம்."

கதவுக்கு இந்தப் பக்கம் மட்டம் தலையாட்டிக்கொண்டார். அது அவருக்கும் புதுச் செய்தி.

ஸ்டிக்கர்காரம்மாவின் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. முட்டியில் பட்டை மாட்டாதவர்களுக்கு உள்ளே இடமில்லை. தடித்த பஞ்சு வைத்து, வெளியே ரப்பர் மூடி போட்ட பட்டை. மகள் தன்னுடைய நீல நிறப் பட்டையைக் கழுவி மாடியில் காயப் போட்டிருந்தாள். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், மட்டம் அதை எடுத்துக் காலில் மாட்டிப் பார்த்தார். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, ஒரு கிழிந்த சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் முட்டி போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். வெறும் சிமெண்டில் மெதுவாக மண்டியிட்டார். வலியைக் காணோம். கொஞ்சம் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம். கூடத்தை ஒரு சுற்று வந்து, இரண்டாவது சுற்றில் வேகம் பிடித்தபோது வாசற்கதவு திறந்தது.

மனைவி கைப்பையோடு நின்றிருந்தாள். "என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஆணி கீழ விழுந்துடுச்சு. தேடறேன்."

"ரெண்டு முட்டிக்கும் கவசம் போட்டுக்கிட்டா?"

மறுநாள் காலையில் அவர் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி புது முட்டிப்பட்டை இருந்தது. பெரியவர்கள் அளவு. யார் வாங்கியது என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வேலைக்குப் போன இடத்தில் அதை மாட்டியதும் மச்சான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "மாமா, எனக்கொரு ஜோடி கிடைக்குமா, இல்ல நானும் ஆணி தேடணுமா?" கதை அவன்வரை போயிருந்தது.

பயிற்சி முடியும் சமயத்தில், பயிற்சி எடுத்தவர்கள், ஆட்கள் குடியிருக்கிற உண்மையான ஒரு வீட்டுக்குத் தரை போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு வீடு கொடுக்க யார் சம்மதிப்பார்கள் என்று ஸ்டிக்கர்காரம்மா விசாரித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டைக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

"யாரைக் கேட்டு?"

"கல்யாணமானதுலேருந்து உங்களைக் கேட்டேன். இப்ப கேக்கல, சொல்றேன்."

ஸ்டிக்கர்காரம்மா மாதிரிப் பலகைகளோடு வந்து சேர்ந்தார். நறுக்கென்று பேசும் உயரமான மனுஷி. எல்லாவற்றையும் கூடத்தில் வரிசையாகப் பரப்பினார். மனைவி கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின்மேலும் ஏறி நின்றாள். மட்டம் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். டைல்ஸ்மேல் நின்றவள், "சில்லுன்னு ஏறுது" என்றாள். அடுத்தது அழுத்திச் செய்த மரத்தூள் பலகை. "நடந்தா டக்டக்குன்னு கேக்குது." மூன்றாவது வினைல். அதில் நின்றவள் இறங்கவே இல்லை.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"விடுடி. இதுமேல நின்னுக்கிட்டே தூங்கிடுவேன் போலருக்கு."

கால்தான் பார்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொன்னவர் எந்த வாயால் மறுப்பார்? மென்று விழுங்கினார். "அப்ப சமையக்கட்டுக்கும் குளிக்கிற ரூமுக்கும் இதையே ஒட்டிடுவீங்களா?" என்று ஸ்டிக்கர்காரம்மாவைப் பார்த்து மட்டும் கேட்டார்.

"சேச்சே. தண்ணி புழங்கற இடத்துக்கு டைல்ஸ்தான் சரி. அங்க என் சரக்கை விக்க மாட்டேன்" என்றார் அந்த அம்மா.

மட்டம் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். "உக்காருங்க, காப்பி போடச் சொல்றேன்" என்றார். போட்டது அவரேதான்.

வேலை ஆரம்பித்த நாளில் மகளோடு, கூடப் படிக்கிற பஸ் டிரைவர் மகனும் வந்தான். சாமான்களை எல்லாம் மாடிக்கு ஏற்றியாயிற்று. மட்டம் தன் ரசமட்டத்தோடு கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

"சார்" என்றாள் மகள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "வேலை நடக்கற இடத்துல வீட்டுக்காரங்க நிக்கக் கூடாது. வெளிய இருங்க, கூப்பிடறோம்."

"மாமா, இது உங்க வசனமாச்சே!" என்று மச்சான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். இருவரையும் சேர்த்து மகள் மாடிப்படிக்கு அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா, ஒரு நிமிஷம் வாங்க. அம்மா, நீங்களும்."

ஆளுயர ரசமட்டம் ஒன்று கூடத்தின் குறுக்கே கிடந்தது. ஜன்னல் பக்கம் அதற்கும் சிமெண்டுக்கும் நடுவே நல்ல சந்து. மட்டம் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். முதல் கணுவரை உள்ளே போனது.

"இந்தத் தரையை யார் போட்டது?" என்றாள் மகள்.

மச்சான் மின்விசிறியை ஆராய்ந்தான். மனைவி புருஷனைப் பார்த்தாள்.

"அது... அப்ப மழை வர மாதிரி இருந்துச்சு. இப்போதைக்குன்னு அவசரத்துல..." என்று இழுத்தார் மட்டம்.

"மட்டம் போட்ட தரை, மட்டமில்லாத தரை, மட்டமான தரை" என்று விரல் விட்டு எண்ணினாள் மனைவி. "மூணும் இது ஒண்ணேதான்."

மட்டத்தின் முகம் சிவந்தது. பிறகு உதடு துடித்தது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து பஸ் டிரைவர் மகனுக்கும் தைரியம் வந்து, அவனும் சிரித்தான்.

பள்ளமான தரைமேல் வினைல் போட்டால் நாளாக நாளாக இணைப்பு விட்டுப்போகும். அதனால் ஸ்டிக்கர்காரம்மா ஒரு மூட்டை மாவு கொண்டுவரச் சொன்னார். தண்ணீரில் கலந்து ஊற்றினால் தானாகப் பரவிச் சமமாகிற கலவை. மட்டம் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். 'சோம்பேறி வேலை' என்று சொல்லிச் சொல்லியே இதுவரை கையால் தொட்டதில்லை. இப்போது மகள் வாளியைச் சாய்த்து ஊற்ற, சாம்பல் நிறப் பால் போல அது மெதுவாக ஓடி, ஜன்னல் பக்கப் பள்ளத்தைத் தேடிப் போய் நிரப்பி, மூலைகளில் ஏறி, அசையாமல் நின்றது. கதவு நிலையில் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வாய் மூடவில்லை.

"தானா மட்டமாகுது! நாங்க நாள் பூரா தட்டித் தட்டி எடுக்கற மட்டத்தை இது படுத்துக்கிட்டே எடுக்குதே!"

அடியில் ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு, மகள் ஈரக் கலவைமேலேயே நடந்து, முள் உருளையால் காற்றுக் குமிழிகளை உடைத்தாள். "எனக்கு ஒரு தடவை குடு" என்றார் மட்டம். "அப்பா, இது விளையாட்டு இல்ல." "ஒரே ஒரு தடவை." கடைசியில் கொடுத்தாள். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக் கூடத்தில் அவர் நடந்த நடையைப் பார்க்க பக்கத்து வீட்டுக்காரர்களே வந்துவிட்டார்கள்.

கலவை காய்ந்த பிறகு இரண்டு நாளில் கூடமும் படுக்கையறையும் முடிந்தன. சமையலறைக்கு மனைவி தேர்ந்தெடுத்தது சொரசொரப்பான சாம்பல் டைல்ஸ். மாடிப்படிக்கு அடியில் கிடந்த கலர் கலர் மிச்சங்களையே அங்கே போட்டால் அழகாக இருக்கும் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். "ஊரார் வீட்டு மிச்சம் என் சமையக்கட்டுக்கு வேண்டாம்" என்று மனைவி ஒரே போடாகப் போட்டாள். மிச்சங்கள் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குப் போயின. அங்கே அவை நன்றாகவே இருந்தன.

டைல்ஸ் வேலையில் மட்டத்துக்குக் கிடைத்த பதவி, கல் எடுத்துக் கொடுப்பது. புது முட்டிப்பட்டையோடு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீட்டினார். அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு கல் மயிரிழை தூக்கலாக உட்கார்ந்தது. சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். மகள் அடுத்த கல்லுக்குக் கை நீட்டினாள், நின்றாள், உள்ளங்கையால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். வைத்த கல்லைப் பெயர்த்தெடுத்து, கலவையைச் சுரண்டிக் குறைத்து, மறுபடி வைத்தாள்.

"சொல்லணும்னு இருந்துச்சா, அப்பா?"

"இல்லையே."

"கழுத்து நரம்பு புடைச்சிருக்கு."

வேலை முடிந்த அன்று மனைவி கடையிலிருந்து வந்தாள். வாசலில் செருப்பை விட்டாள். உள்ளே காலை வைத்தாள். கூடத்தை நீளவாட்டில் நடந்தாள், குறுக்குவாட்டில் நடந்தாள். பிறகு வேலைக்குப் போன உடையோடே நடுக்கூடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"யாரும் என்னை எழுப்பாதீங்க" என்றாள். "சாப்பாடு வெளிய வாங்கிக்கோங்க."

மகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அப்பாவோடு சேர்ந்து வேலை செய்வாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் சேரவில்லை. பஸ் டிரைவர் மகனோடும் இன்னொரு தோழியோடும் சேர்ந்து தனியாகவே வேலை எடுக்க ஆரம்பித்தாள். மட்டமும் மாறித்தான் போனார். படுக்கையறைக்கு என்ன போடலாம் என்று யாராவது கேட்டால், கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்டிக்கர்காரம்மாவின் நம்பரைக் கொடுப்பார். அடுத்த வருஷமும் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை முட்டிப்பட்டையை மேடைக்கே கொண்டுபோனார். மைக்கை முட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குந்தி எழுந்தார். 'கடக்' சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. "இது நான் பட்டை போடாம செஞ்சதுக்குக் கூலி. நீங்க போட்டுக்கிட்டு வாங்க" என்றார். அந்த வருஷம் ஸ்டிக்கர்காரம்மாவின் பட்டறையில் இடம் போதாமல் பக்கத்து ஷெட்டையும் வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று.

போன மாதம் ஒரு மாடி வீட்டு வேலைக்காக மட்டம் போய் அளவெடுத்து, விலை சொல்லிவிட்டு வந்தார். சில நாள் கழித்து அந்த வீட்டுக்காரர் போன் செய்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. வேற ஒரு குழுவுக்குக் குடுத்துட்டோம். சின்னப் பொண்ணுதான், ஆனா என்ன தெளிவா பேசுது! எந்த ரூமுக்கு எது சரி, எது சரியில்லன்னு புட்டுப் புட்டு வைக்குது."

மட்டத்துக்கு விளங்கிவிட்டது. "முட்டியில நீலப் பட்டை மாட்டியிருக்குமா?"

"ஆமா! தெரியுமா உங்களுக்கு? வேலை சுத்தமா இருக்குமா?"

"இருக்கும்னு கேள்வி" என்றார் மட்டம். "தைரியமா குடுங்க."

நேராக டைல்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரரிடம் சொன்னார், கல் இறக்க வந்த லாரிக்காரரிடம் சொன்னார், கல் பார்க்க வந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடமும் சொன்னார். "என் வேலையைத் தட்டிப் பறிச்சுட்டா! பெத்த அப்பன் வயித்துலயே அடிச்சுட்டா!"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வேலை போனவன் முகமாய்யா இது? வாய் ரெண்டு காதையும் தொட்டுடும் போலருக்கு."

சாயங்காலம் மகள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: "அப்பா, அந்த மாடி வீட்டுப் படிக்கட்டுக்கு நீளக் கல் வெட்டணும். உங்க பெரிய கட்டர் வேணும்."

"வாடகை உண்டு."

"சொந்தப் பொண்ணுகிட்டயா?"

"போட்டிக்காரிகிட்ட."

மெஷினைத் துடைத்துப் புது பிளேடு மாட்டி அவரே தூக்கிக்கொண்டுபோய் அவள் வண்டியில் வைத்தார். இன்றுவரை வாடகையும் வரவில்லை, கட்டரும் வரவில்லை.